பலகைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெண்: பழைய கெய்லிக் கதைகளும் பலகை ஆட்டங்களும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெய்லிக் இலக்கியம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் இருந்த மக்களுக்கு இடைக்காலத்தில் எழுத்து மொழி ஒன்றுதான். அந்த மொழியில் வந்த கதைகளையும் சட்டங்களையும் சொல்கிறேன். பல கதைகளின் மொழி 8, 9ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அவை எழுதப்பட்டு நமக்குக் கிடைத்த ஏடுகள் பிந்தியவை. 'பழுப்புப் பசுவின் நூல்' என்று பெயர் பெற்ற ஏடு 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. எழுதியவர்கள் கிறிஸ்தவ மடங்களைச் சேர்ந்தவர்கள், எழுதியதோ அதற்கும் முந்தைய காலத்து ராஜா ராணி கதைகளை. இந்தப் பொருத்தமின்மையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவது பலவும் புரியும்.

அவர்கள் ஆடியது சதுரங்கமா?

இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு பலவற்றில் அப்படித்தான் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு ராணி, யானை, குதிரை என்று மனதில் படம் வரைந்துகொண்டால் கதையே மாறிப்போகும். சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போக நெடுங்காலம் ஆயிற்று. இந்தக் கதைகள் உருவானபோது அது அயர்லாந்தை எட்டவில்லை. இன்றைய ஐரிஷ் மொழியில் சதுரங்கத்துக்கு அந்தப் பழைய ஆட்டத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள், குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கதைகளில் அடிக்கடி வருவது ஃபித்ஹெல். 'மரம்', 'அறிவு' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர். வேல்ஸ் மொழியிலும் இதே பொருளில் இதன் உடன்பிறப்பான சொல் உண்டு. காஷல் நகரின் அரசராகவும் ஆயராகவும் இருந்து 908இல் இறந்த கோர்மக்கின் பெயரால் வழங்கும் சொல்லகராதி, பலகை நாற்கோணம், கட்டங்கள் நேரானவை, கறுப்பும் வெள்ளையும் உண்டு, ஒருமுறை ஒரு பக்கமும் மறுமுறை மறுபக்கமும் ஜெயிக்கும் என்று சொல்கிறது. எப்படிக் காய் நகர்த்துவது என்பதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதி வைப்பார்கள்?

இன்னொன்று பிரன்துவ், 'கருங்காக்கை' என்று பொருள். இதைப் பற்றி ஒரு கவிதை கொஞ்சம் விவரம் தருகிறது: நடுவில் தலைவன், அவனைச் சுற்றி நால்வர், எதிரில் எட்டுப் பேர். கவிஞர் அந்தப் பலகையை அயர்லாந்தாகவே பார்க்கிறார். நடுக்கட்டம் அயர்லாந்துப் பேரரசர்களின் இருப்பிடமான டாரா அரண்மனை, சுற்றியுள்ள நான்கும் நான்கு மாகாணக் கோட்டைகள்.

ஒரு சின்ன விஷயம். ஃபித்ஹெல் காய்களுக்குப் பழைய ஐரிஷில் 'ஆட்கள்' என்று பெயர். ஆட்கள் என்றால் ஆண்கள். பலகை மேல் பெண்ணே கிடையாது. பெண் இருந்தால் பலகைக்கு வெளியேதான்.

நிஜத்தில் பெண்கள் இதை ஆடக் கற்றார்களா?

சட்டத்தைக் கேட்டால் இல்லை. அயர்லாந்தில் பிள்ளைகளை வேறு குடும்பத்தில் வளர்க்கக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வளர்ப்பவர் என்னென்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்குச் சட்டமே இருந்தது. பிரபு வீட்டுப் பையனுக்குக் குதிரையேற்றம், நீச்சல், குறி பார்த்து எறிதல், பிரன்துவ், ஃபித்ஹெல். அதே வீட்டுப் பெண்ணுக்குத் தையல், துணி வெட்டுதல், பூவேலை. எளிய வீட்டுப் பையனுக்குக் கன்று மேய்ப்பது, விறகு வெட்டுவது. பெண்ணுக்குத் திரிகையும் சல்லடையும் மாவு பிசையும் தொட்டியும்.

கி.பி. 700 வாக்கில் எழுதப்பட்ட இன்னொரு சட்ட நூல் அரசனின் வாரத்தையே பட்டியல் போடுகிறது. ஞாயிறு மது, திங்கள் வழக்குத் தீர்ப்பு, செவ்வாய் ஃபித்ஹெல், புதன் வேட்டை நாய்களைப் பார்ப்பது, வியாழன் மனைவியுடன், வெள்ளி குதிரைப் பந்தயம், சனி மறுபடி தீர்ப்பு. ஆட்டத்துக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள். இரண்டும் ஒரே நாளில் வரவில்லை.

கதைகளிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. கூஹுலின் என்ற வீரன் பெண் தேடும் கதையில் அவனுடைய வரங்களில் பலகை ஆட்டத் திறமையும் ஒன்று. அவன் விரும்பும் எமருக்கு ஆறு வரங்கள்: அழகு, குரல், இனிய பேச்சு, ஊசிவேலை, அறிவு, கற்பு. அறிவு உண்டு, பலகை இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பக்கத்தை எழுதும் வேலையே இருந்திருக்காது. ஆனால் பட்டியலை விட்டுக் கதைக்குள் போனால் பெண்கள் சர்வசாதாரணமாகப் பலகை முன் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் அவர்கள் கையில் ஊசியைக் கொடுக்கிறது, கதை காயைக் கொடுக்கிறது. எனக்கு இதில் ஆர்வம் வந்ததே இந்த முரணால்தான்.

முழு ஆட்டக்காரி என்று யாரைச் சொல்லலாம்?

கொனாக்ட் நாட்டு அரசி மேவ். 8ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்த ஒரு கதையில் ஃப்ரேக் என்ற இளைஞன் மேவின் மகள் ஃபின்னவரைப் பெண் கேட்கும் எண்ணத்தோடு குருவாஹன் அரண்மனைக்கு வருகிறான். பெண்ணைக் கண்ணால் பார்க்கக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. முதலில் மேவும் கணவன் ஆலிலும் ஆடுகிறார்கள். கணவனும் மனைவியும் மாலையில் பலகை விரித்து உட்காருவதைக் கதை ஒரு வியப்பும் இல்லாமல் சொல்லிப் போகிறது. பிறகு மேவ் ஃப்ரேக்குடன் உட்காருகிறாள். வெண்ணிற உலோகப் பலகை, பொன்னும் வெள்ளியுமான காய்கள், விளக்குக்குப் பதிலாக ரத்தினக் கற்களின் ஒளி.

ஃப்ரேக் ஜெயிக்கிறான். "உங்கள் பந்தயப் பொருளை ஜெயித்துவிட்டேன், ஆனால் எடுத்துக்கொள்ள மாட்டேன், உங்களுக்கு அது குறைவாக இருக்கும்" என்கிறான். வருங்கால மாமியார் அல்லவா! மேவ், இந்தக் கோட்டைக்கு வந்த பிறகு இவ்வளவு நீண்ட பகலை நான் பார்த்ததில்லை என்கிறாள். நியாயம்தான், இது மூன்று பகலும் மூன்று இரவும் என்கிறான் அவன். கற்களின் வெளிச்சத்தில் இரவு வந்தது யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாளாக விருந்தாளிகளுக்குச் சோறு போடவில்லையே என்று மேவ் துடித்து எழுகிறாள். ஆலில் விடவில்லை, உனக்கு ஆட்டம்தான் பெரிதாகப் போய்விட்டது என்று இடிக்கிறான்.

இந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேவை இங்கே யாரும் பெண் என்பதற்காகக் குறை சொல்லவில்லை. விருந்தோம்பலில் தவறிய ஆட்சியாளர் என்றுதான் குறை. பலகை முன் மூன்று நாள் தன்னை மறந்த ஓர் அரசனைப் பற்றியும் இதையேதான் எழுதியிருப்பார்கள்.

ஏடீன் கதையில் என்ன நடந்தது? அவளை வைத்துச் சூதாடினார்களா?

கிட்டத்தட்ட. டாராவின் அரசன் எயோஹித் ஒரு நாள் காலையில் கோட்டைச் சுவர் மேல் நிற்கிறான். முன்பின் தெரியாத வீரன் ஒருவன் வந்து, "நான் மிதிர், ஃபித்ஹெல் ஆட வந்தேன்" என்கிறான். மிதிர் மாய உலகத்தவன். முந்திய பிறவியில் ஏடீன் அவனுடைய மனைவி. இந்தப் பிறவியில் அவள் எயோஹித்தின் ராணி, பழையது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

அரசன் சொல்லும் பதில்தான் விசேஷம்: "ராணி தூங்குகிறாள், என் ஃபித்ஹெல் இருப்பது அவளுடைய வீட்டில்." மூலத்தில் அந்த வீடு அவளுடையது. பலகை அரசனுடையது, அது இருக்கும் அறைக்குச் சாவி, ஒரு பேச்சுக்குச் சொன்னால், ராணியிடம். கவலை வேண்டாம், என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று மிதிர் வெள்ளிப் பலகையை எடுக்கிறான். மூலைகளில் ரத்தினம், காய்கள் பொன், அவற்றை வைக்கும் பை வெண்கலச் சங்கிலிப் பின்னல். ராணியைத் தாண்டாமல் ராணியைப் பறிக்கும் வழி அவனுக்குக் கிடைத்துவிட்டது.

முதலில் அரசன் ஜெயிக்கிறான், அதாவது ஜெயிக்க விடப்படுகிறான். ஐம்பது குதிரைகள் கிடைக்கின்றன. பிறகு சதுப்பு நிலத்தின் குறுக்கே பாதை போடு என்பது போன்ற பெரிய வேலைகளை மிதிருக்குத் தண்டனையாகக் கொடுக்கிறான். (லாங்ஃபோர்ட் மாவட்டத்தில் கொர்லீ என்ற இடத்துச் சதுப்புக்குள் ஓக் பலகைகள் அடுக்கிய பழம்பாதை ஒன்று கிடைத்திருக்கிறது. மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்த மரங்கள் கி.மு. 148இல் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. கதையின் பாதையோடு இதை இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கதை சொல்லும் இடமும் பக்கத்தில்தான்.) கடைசி ஆட்டத்தில் பந்தயம் என்னவென்று முன்கூட்டிச் சொல்லவில்லை, ஜெயித்தவன் கேட்பது. மிதிர் ஜெயிக்கிறான். ஏடீனை ஒரு முறை அணைத்து ஒரு முத்தம், இதுதான் வேண்டும் என்கிறான்.

ஒரு மாதம் கழித்து வா என்று சொல்லிவிட்டு அரசன் கோட்டையைச் சுற்றிப் படையை நிறுத்துகிறான். மிதிர் எப்படியோ உள்ளே நிற்கிறான். ஏடீன் முகம் சிவக்கிறது. அரசன் என்னை விற்றால் ஒழிய வரமாட்டேன் என்று அவள் முன்பே மிதிரிடம் சொல்லியிருந்தாள். விற்கமாட்டேன், ஆனால் இந்தக் கூடத்தின் நடுவில் எல்லோர் முன்னும் அணைத்துக்கொள்ளட்டும் என்கிறான் எயோஹித். மிதிர் இடக்கையில் ஆயுதம், வலக்கையில் ஏடீன் என்று கூரையின் புகைத்திறப்பு வழியாகப் போய்விடுகிறான். வெளியே ஓடிவந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது டாராவைச் சுற்றிப் பறந்த இரண்டு அன்னங்கள்.

அப்புறம் அரசன் மாய உலகத்தார் வசிக்கும் மேடுகளைத் தோண்டுகிறான். மிதிர் ஏடீனைப் போலவே ஐம்பது பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தி, உன் மனைவி யார் என்று கண்டுபிடி என்கிறான். மது ஊற்றித் தருவதில் அயர்லாந்திலேயே அவளை மிஞ்ச ஆளில்லை, அதை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்கிறான் அரசன். தவறாகத் தேர்ந்தெடுக்கிறான். அவன் தேர்ந்தெடுத்தது தன் மகளை என்று பின்னால் தெரிகிறது. ஒரு ஆட்டத்தில் தோற்றவன் அடுத்த ஆட்டத்திலும் தோற்கிறான், இந்த முறை பலகையே இல்லாமல்.

திரௌபதி கதை போலத்தானே இருக்கிறது?

படித்ததும் எல்லோருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் தருமன் மனைவியைப் பெயர் சொல்லிப் பணயம் வைத்தான், எயோஹித்துக்குத் தான் எதைப் பணயம் வைத்தோம் என்றே தெரியாது. அங்கே உருண்டது பகடை. இங்கே ஆடப்பட்டது மூளையை நம்பிய ஆட்டம், அரசனின் மூளை போதவில்லை. இதற்கு மேல் ஒப்பிட வேண்டாம் என்பது என் எண்ணம்.

பெண் ஜெயித்த கதை ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் கள்ளத்தோடு.

பேக்குமா என்பவள் மாய உலகத்தில் தவறு செய்து நாடு கடத்தப்பட்டவள். அவள் காதலித்தது ஆர்ட் என்ற இளவரசனை. ஆனால் மணந்துகொண்டது அவனுடைய அப்பாவான கொன் என்ற அரசனை. வந்தவுடன் மகனை ஓராண்டு டாராவை விட்டு அனுப்பச் சொல்கிறாள். அந்த ஓராண்டும் அயர்லாந்தில் தானியமும் இல்லை, பாலும் இல்லை.

பின்பு ஒரு நாள் டாராவின் புல்வெளியில் ஆர்ட்டைப் பார்க்கிறாள். வா, பந்தயம் வைத்து ஃபித்ஹெல் ஆடலாம் என்று அழைப்பது அவள்தான். கதைகளில் பெண்ணே சவால் விடும் இடம் இது. முதல் ஆட்டம் ஆர்ட்டுக்கு. அவன் அவள் மேல் ஒரு 'கெஷ்' போடுகிறான், அதாவது மீறினால் கேடு வரும் தடை: கூ ரீ என்ற மாவீரனின் கோலைக் கொண்டு வரும்வரை சாப்பிடக் கூடாது. அவள் மாய மேடுகளெல்லாம் அலைந்து, வளர்ப்புச் சகோதரியின் துணையோடு மலையுச்சிக் கோட்டையிலிருந்து கோலைக் கொண்டுவந்து அவன் மடியில் வைக்கிறாள்.

இரண்டாம் ஆட்டம். இப்போது கண்ணுக்குத் தெரியாத மாய உலகத்தார் காய்களைத் திருடுகிறார்கள். ஆர்ட் கவனித்துவிடுகிறான்: "பெண்ணே, ஜெயிப்பது நீ இல்லை, அவர்கள்தான் காய்களைத் திருடுகிறார்கள்." கண்டுபிடித்து என்ன பயன்? ஆட்டம் போய்விட்டது. மார்கனின் மகள் டெல்வ்கேமைக் கொண்டுவரும்வரை அயர்லாந்தில் நீ சாப்பிடக் கூடாது என்று அவள் தடை போடுகிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், கடல் நடுவே ஒரு தீவில், அவ்வளவுதான் தெரியும் என்கிறாள். ஆர்ட் போய்ப் படாத பாடு பட்டு அவளைக் கொண்டுவருகிறான். வந்த டெல்வ்கேம் முதல் வேலையாகப் பேக்குமாவை டாராவை விட்டு வெளியேறச் சொல்கிறாள். பேக்குமா ஒரு வார்த்தையும் பேசாமல் போகிறாள்.

ஆர்ட்டின் அந்த ஒரு வரியைப் பாருங்கள். அவள் தானாக ஜெயித்திருக்க முடியாது என்பதில் கதைசொல்லிக்கு அவ்வளவு உறுதி. மிதிரும் மாய உலகத்தவன்தான், அவன் ஜெயித்தபோது யாராவது காய் திருடினார்களா என்று கதை கேட்கவே இல்லை.

டீர்ட்ரா ஆடினாளா?

அவளுடைய கதையின் 8, 9ஆம் நூற்றாண்டுப் பழைய வடிவத்தில் இல்லை. பிற்கால வடிவத்தில் பலகை இரண்டு முக்கியமான இடங்களில் வருகிறது. டீர்ட்ராவும் காதலன் நீஷேவும் அரசன் கொன்கோவருக்குப் பயந்து ஸ்காட்லாந்துக்கு ஓடி, லோக் எடிவ் கரையில் வாழ்கிறார்கள். ஒரு நாள் இருவருக்கும் நடுவில் பலகை. பலகையும் சாதாரணமானது இல்லை, கொன்கோவருடையதே. தூரத்தில் ஒரு குரல். நீஷே, இது அயர்லாந்துக்காரன் குரல் என்கிறான். டீர்ட்ரா, இல்லை, இந்த ஊர்க்காரன், ஆட்டத்தைப் பார் என்கிறாள். மறுபடி குரல், மறுபடி மறுப்பு. மூன்றாம் முறை தப்பிக்க முடியவில்லை. வந்தவன் ஃபெர்குஸ், அரசனின் தூதன். முதல் குரலிலேயே அவளுக்குத் தெரியும். மூன்று பறவைகள் தேன் கொண்டுவந்து ரத்தம் கொண்டுபோவதாக அவள் கனவு கண்டிருந்தாள். ஆட்டத்தை நீட்டி விதியைத் தள்ளிப்போடப் பார்க்கிறாள். அவள் எப்படிக் காய் நகர்த்தினாள் என்று கதை சொல்லவில்லை, ஆனால் அந்தக் காட்சியில் நன்றாக ஆடியவள் அவள்தான்.

அயர்லாந்துக்குத் திரும்பிய இரவிலும் இருவரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் அழகு இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவர அரசன் ஓர் ஒற்றனை அனுப்புகிறான். ஜன்னலில் அவனை முதலில் பார்ப்பது டீர்ட்ரா. நீஷே கையில் வெட்டுப்பட்ட காய் ஒன்று இருக்கிறது. எறிகிறான், ஒற்றனின் கண் போகிறது. அரசனிடம் போன ஒற்றன், ஒரு கண் போனாலும் மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன் என்கிறான். அந்தச் சொல்லில்தான் தாக்குதல் தொடங்குகிறது.

க்ரானியா?

அவள் ஆடவில்லை, மேலிருந்து பார்க்கிறாள். வீரர் கூட்டத் தலைவன் ஃபின் மணக்க இருந்த க்ரானியா டியர்மிட்டுடன் ஓடிப்போகிறாள். அவளுக்கு மாயமரப் பழங்கள் மேல் மசக்கை ஆசை. காவலிருந்த அரக்கனைக் கொன்றுவிட்டு இருவரும் மரத்தின் மேல் தங்குகிறார்கள். துரத்தி வந்த ஃபின் அதே மரத்தடியில் தன் மகன் ஓஷீனுடன் ஃபித்ஹெல் ஆடுகிறான். ஓஷீன் திணறும்போது மேலிருந்து டியர்மிட் சரியான காய் மேல் ஒரு பழத்தைப் போடுகிறான். மூன்று முறை. ஓஷீன் ஜெயித்துவிடுகிறான், ஒளிந்திருந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். க்ரானியா பக்கத்தில் உட்கார்ந்து என்ன நினைத்திருப்பாள் என்று எழுத அதை எழுதிய யாருக்கும் தோன்றவில்லை.

மண்ணைத் தோண்டியதில் ஏதாவது கிடைத்ததா?

பலகை கிடைத்திருக்கிறது. வெஸ்ட்மீத் மாவட்டத்தில் பாலிண்டெரி என்ற இடத்தில், நீர்நடுவே கட்டிய பழைய குடியிருப்பில், 1932இல். யூ (yew) என்ற மரத்தில் செய்தது, 10ஆம் நூற்றாண்டு, ஏழுக்கு ஏழாக 49 துளைகள். நடுத்துளைக்கும் மூலைகளுக்கும் தனிக் குறி. பிடிகளில் ஒன்றில் மனிதத் தலை, மற்றதில் மிருகத் தலை. டப்ளின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். யார் ஆடினார்கள் என்று மரம் சொல்லாது.

கல்லறைகள் கொஞ்சம் பேசும், ஆனால் அவை பக்கத்து வைக்கிங் உலகத்தவை. ஆர்க்னி தீவுகளில் ஸ்கார் என்ற இடத்துப் படகுக் கல்லறையில் வயதான பெண், ஓர் ஆண், ஒரு குழந்தை. 22 ஆட்டக்காய்கள் இருந்தது ஆணுடன். ஸ்வீடனின் பிர்காவில் ஆயுதங்களும் முழுத் தொகுதிக் காய்களும் வைத்துப் புதைத்த ஒருவரை நூறாண்டுக்கு மேலாக ஆண் என்றே நினைத்திருந்தார்கள். 2017இல் மரபணு பார்த்தால் பெண்.

1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்களில் எட்டு ராணிகள் இருக்கிறார்கள். எல்லோரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் கடைசியில் பலகை மேல் ஏறிவிட்டாள், முகத்தில் சந்தோஷம்தான் இல்லை.

அப்படியானால் கதையை நம்புவதா, சட்டத்தை நம்புவதா?

சட்டம் வளர்ப்பவர் கடமையைச் சொல்கிறது. பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கக் கடமை இல்லை என்பதால் அவள் கற்கவில்லை என்று ஆகாது. ஆலிலும் மேவும் ஆடுவதை விளக்கம் இல்லாமல் எழுத முடிந்தது என்றால், கேட்டவர்கள் வீட்டில் அது நடந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மற்றபடி, இந்தக் கதைகளில் ஆடும் பெண்கள் எல்லோரும் அரசிகள் அல்லது அரச வாழ்க்கையோடு பிணைந்தவர்கள். திரிகை சுற்றிய பெண் ஓய்வுப் பொழுதில் என்ன ஆடினாள் என்பது ஏட்டில் ஏறவே இல்லை.

நான் இதை ஆடிப் பார்க்கலாமா?

ஃபித்ஹெல் என்று கடைகளில் விற்பவை இக்காலத்தவர் ஊகித்துச் செய்தவை. பிரன்துவ் ஆடலாம். அதன் வட ஐரோப்பிய உறவான ஓர் ஆட்டத்தை ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1732இல் லாப்லாந்துப் பயணத்தில் பார்த்துக் குறித்துவைத்தார். அதையும் கவிதையின் எண்ணிக்கையையும் பாலிண்டெரி பலகையையும் சேர்த்து இன்று ஆடுகிறார்கள்.

காகிதத்தில் ஏழுக்கு ஏழு கட்டம் போடுங்கள். நடுவில் தலைவனுக்கு ஒரு ரூபாய்க் காசு, நாற்புறமும் ஒட்டி நான்கு புளியங்கொட்டை. அவற்றுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டாக எட்டுப் பட்டன்கள். எல்லாக் காயும் நேர்க்கோட்டில் எத்தனை கட்டமும் போகலாம், தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் நெருக்கினால் காய் வெட்டு. தலைவன் மூலைக்குப் போய்விட்டால் அவன் கட்சி ஜெயித்தது, அதற்குள் மாட்டிக்கொண்டால் பட்டன்கள் கட்சி. முதல் நகர்வு பட்டன்களுக்கு. ஒரு ஆட்டம் பத்து நிமிஷம் ஆகும், அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு உட்காருங்கள்.